கொபாஷியின் முழங்கால்கள்

ஜப்பானிய மல்யுத்தம் என்று பேச்செடுத்தால் வருகிற முதல் கேள்வி, "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுத்தானே மோதுறாங்க?" என்பதுதான். ஆமாம், பேசி வைத்துக்கொண்டுதான். ஆனால் நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களை மறுபடி நடக்க வைப்பது என் தொழில். முடிவைப் பேசி வைத்துவிட்டதால் மூட்டில் இறங்கும் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது. இதை விளங்கிக்கொள்ள கெண்டா கொபாஷியைப் பார்த்தால் போதும்.

கியோத்தோ மாகாணத்தின் ஃபுகுச்சியாமாவில் 1967-ல் பிறந்தவர். பள்ளி முடித்து கியோசெரா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மல்யுத்த ஆசை விடவில்லை, வேலையை உதறினார். ஜயன்ட் பாபா 1972-ல் தொடங்கிய 'ஆல் ஜப்பான்' அமைப்பு அவரை முதலில் நிராகரித்தது. பெரிய விளையாட்டுப் பின்னணி எதுவும் இல்லாத பையன். பிறகு எப்படியோ உள்ளே நுழைந்து, 1988 பிப்ரவரியில் முதன்முறை மேடை ஏறினார்.

அங்கே புதிதாகச் சேர்கிறவன் முதலில் எடுபிடி. மூத்தவர்களுக்குச் சமைப்பான், துணி துவைப்பான், பயணத்தில் பெட்டி தூக்குவான். கொபாஷிக்குக் கிடைத்தது பாபாவுக்கே உதவியாளாக இருக்கும் வேலை. பயிற்சிக்கூடத்திலோ அடியை வாங்கத்தான் முதலில் பழக வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும். மேல்முதுகு முழுக்கப் பரவலாகத் தரையில் பட வேண்டும். இரு கைகளும் அதே கணத்தில் தரையை அறைய வேண்டும். மூச்சு வெளியே போயிருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கழுத்து போய்விடும். அடுத்து, தோற்றுத் தோற்றே தேற வேண்டும். தனியாள் மோதல்களில் முதல் வெற்றிக்கு முன்பு கொபாஷி அறுபதுக்கும் மேற்பட்ட முறை தோற்றார். தோற்றாலும் விடாமல் எழுந்து நின்ற அந்த ஆரம்ப நாள்களில்தான் ரசிகர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாக வரித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

1990-களில் மிசாவா, கவாடா, தாவே, கொபாஷி ஆகிய நால்வர்தான் ஆல் ஜப்பானின் தூண்கள். 1996 ஜூலையில் தாவேயை வென்று அமைப்பின் உச்சப் பட்டத்தைக் கொபாஷி முதன்முறை பிடித்தார். பாபா 1999-ல் இறந்தபின், 2000-ல் மிசாவா பெரும்பாலான வீரர்களுடன் வெளியேறி 'நோவா'வைத் தொடங்கினார். கொபாஷியும் உடன் போனார்.

இனி முழங்காலுக்கு வருவோம். அவர் அடிக்கடி செய்த வித்தை ஒன்று உண்டு. மூலைக்கம்பத்தின் மேல் எதிராளிக்கு முதுகு காட்டி ஏறி நிற்பார். அந்தரத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, கீழே கிடப்பவர்மேல் வயிறு படும்படி விழுவார். அரங்கம் அதிரும். என் கண் அவர் கால்களைத்தான் பார்க்கும். மெல்லிய உடல்காரர்கள் செய்வதை இவர் 110 கிலோவுக்கும் மேற்பட்ட உடலோடு செய்தார். கீழே கிடப்பவரை நசுக்கிவிடாமலிருக்க அந்தப் பாரத்தில் பெரும்பங்கை மேடையில் மோதும் முழங்கால்கள் வாங்கிக்கொண்டன. குருத்தெலும்பு அப்படித் தேயத் தொடங்கினால் திரும்ப வளராது. 2001-ல் அறுவை சிகிச்சைகள், நீண்ட ஓய்வு. 2002 பிப்ரவரியில் திரும்பிய உடனேயே மறுபடி காயம், மறுபடி படுக்கை. என்னிடம் வந்திருந்தால் வேறு தொழில் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் செய்ததோ வேறு. 2003 மார்ச் 1, டோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கம். 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காகக் கட்டியது. வீரர்கள் நடந்து வரும் மேடைப்பாதையின் விளிம்பிலிருந்து கொபாஷியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, கீழே தரைக்கு வீசினார் மிசாவா. எழுந்து வந்து நோவாவின் உச்சப் பட்டத்தை வென்றார் கொபாஷி. 2005 மார்ச் வரை இரண்டு ஆண்டுகள், 13 முறை அதைத் தக்கவைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோ டோமில் கென்சுகே சசாகியுடன் மோதல். இருவரும் நிமிடக்கணக்கில் மாறி மாறி ஒருவர் நெஞ்சில் ஒருவர் அறைந்துகொண்டே நின்றார்கள். தோல் சிவந்து கன்றிப்போவது கேமராவில் தெரியும். அதில் எதை ஒத்திகை பார்க்க முடியும்?

2006-ல் அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை. ஒன்றரை ஆண்டு கழித்து, 2007 டிசம்பர் 2 அன்று அதே புடோக்கானில் சக வீரர் தகாயாமாவோடு ஜோடி சேர்ந்து, மிசாவா - அகியாமா ஜோடியை எதிர்த்து இறங்கினார். புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கு வெற்றியைப் பரிசாகத் தருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கலாம். தரவில்லை. மிசாவா அவரை முழுப் பலத்தோடு அடித்தார், தூக்கிப் போட்டார், வென்றார். நோயாளியாக நடத்தாமல் வீரனாக நடத்தியதுதான் நண்பன் செய்த மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

அந்த மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் மேடையிலேயே சரிந்து, அன்றிரவே இறந்தார். வயது 46. எத்தனையோ ஆண்டுகள் அடி தாங்கிய கழுத்து, வழக்கமான ஒரு வீச்சில் கைவிட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் கொபாஷியின் துணிச்சலை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாணியின் விலையை அவர்கள் உடலால் கட்டினார்கள். கைதட்டியவர்களில் நானும் உண்டு.

காயங்கள் தொடர, 2013 மே 11 அன்று புடோக்கானில் கொபாஷி விடைபெற்றார். அவருக்கும் வயது 46. எதிரணியில் நின்ற நால்வரும் ஒருகாலத்தில் அவருக்குப் பெட்டி தூக்கிய சீடர்கள். கடைசியில் மூலைக்கம்பத்தின்மேல் ஏறி, அதே பின்பக்கக் குட்டிக்கரணத்தைப் போட்டு, சீடர் கனெமாருவை அமுக்கி வென்றார். புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். 2003 மோதலையும் 2007 மோதலையும் முதலில் பார்த்துவிடுங்கள். அந்த முழங்கால்கள் என்னென்ன தாங்கின என்று தெரிந்தபின் பார்க்க வேண்டியது அது.