உங்களுக்குத் தெரியுமா? ஆற்காட்டுக் குதிரையும் ஆவடி டாங்கியும்

ஆவடியில் தயாராகும் டாங்கிக்கும் குதிரைக்கும் நேரடி உறவு உண்டு. டாங்கிகளில் போரிடும் இந்தியக் கவசப் படைப்பிரிவுகளில் மிகப் பழமையான 16-வது லைட் கேவல்ரி, ஆற்காடு நவாபின் குதிரைப்படையில் வேர் கொண்டது, பிறப்பாண்டு 1776. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்துக்குப் போனது. குதிரை போனதும் குதிரைப்படையும் போய்விட்டது, எஞ்சியிருப்பது வெறும் பெயர்தான் என்று சிலர் சொல்வார்கள். அப்படித் தோன்றவில்லை. விரைந்து பாய்வது, வேவு பார்ப்பது, பக்கவாட்டில் வளைப்பது ஆகியவையே குதிரைப்படையின் வேலை. 1945-இல் பர்மாவில் இப்படைப்பிரிவு அதே வேலையைக் கவச கார்களில் செய்தது. அங்கே அதற்குத் தலைமை தாங்கிய ஜே.என். சௌத்ரிதான் 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது தரைப்படைத் தளபதி.

பர்மாவில் போரிட்ட இந்திய வீரர்களைப் போலச் சம்பளத்துக்குப் போனவர்களைத் தன்னார்வ வீரர்கள் எனலாமா? நியாயமான கேள்விதான், வறுமை பலரை உந்தியிருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இல்லை. பிரிட்டனில் சட்டம் போட்டு ஆள் சேர்த்தபோது, இங்கே சுமார் 25 லட்சம் பேர் தாமாகவே சேர்ந்தார்கள். பசி நெருக்குவதும் சட்டம் இழுத்துப் போவதும் ஒன்றல்ல.

1965 செப்டம்பரில் சியால்கோட் முனையில் 16-வது லைட் கேவல்ரி போரிட்டது பிரிட்டனில் தயாரான செஞ்சுரியன் டாங்கிகளில். ஆவடியின் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். அதற்குள் போர் முடிந்திருந்தது.