மலைமக்களும் கடல் நீராட்டும்
திருவிழாக் காலப் பயணம் புறப்படுவோர் கவனத்திற்கு

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைச் சிறப்புடையது என்று நம் முன்னோர் போற்றினர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய நம் பாட்டன் பாட்டிமார், லயத்தின் அருகே ஆலயம் எழுப்பியபோதும் ஓடைக்கரையைப் பார்த்தே இடம் தேர்ந்தனர். கரகம் பாலிப்பதும், சாமி புறப்பாட்டுக்கு முன் நீராடுவதும் அந்த ஓடையில்தான் நடந்தன. நான் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலைக் குளிரில் பற்கள் கிடுகிடுக்க அந்நீரில் மூழ்கி எழுந்தது இன்றும் நினைவில் நிற்கிறது.

இன்று நிலைமை வேறு. மேட்டு நிலங்களில் காய்கறித் தோட்டங்கள் பெருகின, பட்டணங்களும் வளர்ந்தன. மண்ணும் உரமும் கழிவுநீரும் கலந்து வரும் ஆறுகளில் நீராடுவது நலந்தருவதன்று. தானா ராத்தாவுக்கு அருகிலுள்ள பாரிட் அருவியும் ரோபின்சன் அருவியும் கண்டு மகிழ வேண்டிய இடங்களேயன்றி, இறங்கிக் குளிக்க வேண்டிய இடங்கள் அல்ல. ஆகவே நம் பக்தப் பெருமக்கள் தீர்த்தமாட விரும்பி மலையிறங்குகின்றனர். அவ்வாறு செல்வோர்க்கு, ஆலய நிர்வாகப் பணியில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் சில செய்திகளைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

மாசிக்கு மேற்குக் கரை

மாசி மகத்தன்று கடலாடுதல் தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நம் நாட்டிலும் பினாங்கு தெலுக் பஹாங்கிலுள்ள ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்திலும், பங்கோர் தீவிலுள்ள ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்திலும் இவ்விழா சிறப்புற நடைபெறுகின்றது. நமக்கு எளிதில் எட்டுவது பங்கோரே. தாப்பா வழியாக மலையிறங்கி, லூமுட் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து படகேறிச் செல்லலாம். 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையால் வரலாற்றில் இடம்பெற்ற தீவு அது. அங்கே 1670-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் எச்சத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

தரிசனம் முடிந்தபின் குளிப்பதற்குத் தீவின் மேற்குப் புறத்திலுள்ள பாசீர் போகாக், தெலுக் நீப்பா கடற்கரைகள் உகந்தவை. தீவுக்குச் செல்ல நேரமில்லாதோர் லூமுட்டை அடுத்த தெலுக் பாத்தேக் கடற்கரையோடு திரும்பலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாசி மாதத்தில் கிழக்குக் கரையைவிட மலாக்கா நீரிணை அமைதியாக இருக்கும். எனினும் மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது என்பதை மறக்கலாகாது. அந்நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுந்திருக்கும். காலையில் முழங்கால் அளவிருந்த நீர் சில மணி நேரத்தில் கழுத்தளவு உயரக்கூடும்.

பங்குனிக்குக் கிழக்குக் கரை

பங்குனி உத்திரத்திற்கு நம்மவர் பெருந்திரளாகச் செல்வது மாரான் ஸ்ரீ மரத்தாண்டவர் ஆலயத்திற்கு. சாலை அமைக்கும் பணியில் ஒரு மரத்தை வெட்ட முற்பட்டபோது அதிலிருந்து குருதி வடிந்ததாகக் கூறப்படும் வரலாற்றை அறியாதார் இலர். காவடி செலுத்தி, மறுநாள் குவாந்தான் சென்று தெலுக் செம்பெடாக் கடற்கரையில் குளித்துத் திரும்புவது பல தோட்டங்களின் வழக்கமாகிவிட்டது. வசதியுள்ளோர் அதற்கும் வடக்கேயுள்ள செராத்திங் வரை செல்கின்றனர்.

தென்சீனக் கடலின் இயல்பு வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே அலை சீற்றம் கொண்டிருக்கும். பங்குனி பிறக்கும்போது அது தணியத் தொடங்கினாலும் முற்றும் அடங்கிவிட்டது என்று எண்ணலாகாது. சிவப்புக் கொடி பறந்தால் காலையும் நனைக்கக் கூடாது.

நான் கண்ட ஒரு நாள்

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பேருந்து நிறையப் பக்தர்களை அழைத்துச் சென்றேன். காவடி நல்லபடியாக நிறைவேறியது. மறுநாள் கடற்கரையில் பிள்ளைகளை இறங்கவிட்டு, பெரியவர்கள் நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் கரையிலிருந்து விலகிக்கொண்டே போவதை எவரும் கவனிக்கவில்லை. அவன் கையசைத்தான், விளையாடுகிறான் என்று நினைத்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய் மீனவர் ஒருவர்தாம் நிலைமையை உணர்ந்து, படகைத் தள்ளிக்கொண்டு விரைந்தார். சிறுவன் பிழைத்தான். அம்மீனவர் நாங்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

கொழுந்து பறிக்கும் தொழிலாளியான அவன் தாய் அன்று என்னைத் திட்டவில்லை. “அண்ணே, மலையில பொறந்த புள்ளைக்குக் கடலப் பத்தி யாரு சொல்லிக் குடுத்தா?” என்று மட்டும் கேட்டார். பேருந்தில் ஏறியவர்களின் கட்டணத்தை மூன்று முறை எண்ணிச் சரிபார்த்த நான், நீரில் இறங்கிய பிள்ளைகளை ஒரு முறையும் எண்ணவில்லை. அக்கேள்விக்கு நான் அளிக்கும் விடையே இக்கட்டுரை.

அறிந்துகொள்ள வேண்டியவை

அச்சிறுவனை இழுத்துச் சென்றது கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும் நீரோட்டம். அலைகள் கொண்டுவந்து குவிக்கும் நீர் ஒரு குறுகிய வழியாகத் திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை குறைந்து, நுரையின்றி, நீர் சற்றே கருத்துத் தோன்றும். அமைதியான இடம் என்று எண்ணி அங்கேயே பலரும் இறங்குவர். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டால் களைத்துப் போவார். பதற்றமின்றி மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சிறிது தூரம் சென்று, பின்னரே கரை நோக்கித் திரும்ப வேண்டும்.

அருவிக்கு வேறோர் ஆபத்து உண்டு. தாப்பா சாலையோரத்து லாத்தா இஸ்கண்டாரில் வண்டியை நிறுத்திக் குளிக்காதவர் நம்மில் குறைவு. ஆயினும் மலையுச்சியில் பெய்யும் மழை நமக்குத் தெரியாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். மலாய் மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். 2021 ஆகஸ்டு மாதம் கெடா மாநிலம் யான் வட்டாரத்தில் இவ்வாறு வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது. தெளிந்த நீர் கலங்கினாலும், இலைச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் பொருள்களை விட்டுவிட்டு உடனே மேடேற வேண்டும். மலையில் பிற்பகல் மழை வழக்கமாதலால் அருவிக் குளியலைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நன்று.

அட்டைக்கடியும் கவாத்துக் கத்தியின் கீறலும் உள்ள கால்களோடு தேங்கிய நீரில் இறங்குவதைத் தவிர்க்கவும். 2010-இல் மாரான் வட்டாரத்து லுபோக் யூவில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடி இறங்கியோருள் சிலர் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உள்ளிட்ட நோய்களால் பின்னர் உயிரிழந்தனர். குளித்துவந்த ஓரிரு வாரங்களில் காய்ச்சல் கண்டால், ஆற்றில் குளித்த செய்தியை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.

எங்கள் ஏற்பாடும் ஒரு வேண்டுகோளும்

அந்நாள் முதல் எங்கள் பயணங்களில் பத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்கிறார். அவர் நீரில் இறங்காமல் கரையிலேயே நிற்பார். கையில் கைப்பேசி வைத்திருக்கலாகாது. பிள்ளைகளின் மணிக்கட்டில் மஞ்சள் துணி கட்டப்படும். கால் மணிக்கு ஒருமுறை தலை எண்ணப்படும். விரதத்தால் களைத்தவர்கள் உணவுண்டு இளைப்பாறும்வரை நீரில் இறங்க அனுமதி இல்லை.

இவையெல்லாம் காவலே, கல்வி ஆகா. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் நீச்சல் அறிந்தவர் மிகச் சிலரே. திருவிழா உபயம் ஏற்கும் அன்பர்கள், வாணவேடிக்கைக்கும் மாலைக்கும் வழங்கும் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சமவெளியிலுள்ள பொது நீச்சல் குளத்திற்கு அழைத்துச் சென்று பயிற்சி அளிக்கலாம். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டுகிறேன். இதுவும் அம்பாளுக்குச் செய்யும் உபயமே.

அன்று கரை சேர்ந்த சிறுவன் இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தை. சென்ற பங்குனியில் மஞ்சள் துணி கட்டும் பணியை அவரே முன்வந்து ஏற்றார். தீர்த்தமாடச் செல்வோர் அனைவரும் நலமே திரும்பி, மீண்டும் மலையேற எல்லாம் வல்ல அன்னை அருள்புரிவாளாக!