அசை நின்ற ஆட்டைப் பிழைக்க வைப்பது எப்படி?

வெள்ளாடு ஏழைக் குடியானவரின் கைமுதல். பிள்ளையின் படிப்புச் செலவு, மருத்துவச் செலவு, உரம் வாங்கப் பணம் என எந்த நெருக்கடி வந்தாலும் கொட்டிலிலிருந்து முதலில் அவிழ்க்கப்படுவது ஆடுதான். 2019-ஆம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. நான்கைந்து ஆடுகள் மட்டுமே வைத்திருப்பவருக்கு ஓர் ஆடு இறந்தால் அது சிறிய இழப்பு அல்ல. ஆனால் நோயுற்ற ஆடுகளில் பல, உரிய நேரத்தில் மருத்துவமும் அதன் பிறகு வீட்டில் மூன்று நாள் கவனிப்பும் கிடைத்தால் பிழைக்கக் கூடியவை. இதை நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குகிறேன்.

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், அங்குள்ள ஒரு சிற்றூரில், கணவரை இழந்த ஒரு தாய் அறுவடை செய்த மக்காச்சோளத்தைக் களத்தில் காயப்போட்டு, இரவில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அவரிடம் இருந்தவை நான்கு ஆடுகள். இரவில் இரண்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மக்காச்சோளத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டன. காலையில் வயிறு நிறைந்திருப்பதைக் கண்ட அந்த அம்மாள், "நல்லா மேஞ்சிருக்கு" என்றுதான் எண்ணினார். மாலையில் இரண்டும் அசை போடவில்லை. ஒதுங்கி நின்று பல்லைக் கடித்தன.

பக்கத்து வீட்டார் சொன்னபடி, மூத்த ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து, வாயில் நல்லெண்ணெய் ஊற்றினார்கள். ஆடு இருமியது. விடிவதற்குள் இறந்துவிட்டது. மற்றது மூன்று மாதச் சினை ஆடு. காலையில் அது எழுந்து நிற்கவே தடுமாறியது. அப்போதுதான் அந்த அம்மாள் எனக்குத் தொலைபேசியில் பேசினார். முந்தைய மாதம் அவ்வூரில் நடந்த பயிற்சியில் என் எண்ணைக் குறித்து வைத்திருந்தார். நான் பயிர் படித்தவன். ஆட்டு வைத்தியம் என் வேலை அல்ல. எனவே அருகிலிருந்த கால்நடை மருந்தகத்தின் மருத்துவரை அழைத்துக்கொண்டு சென்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டு வியாபாரி ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சாகறதுக்கு முன்னாடி குடுத்துடும்மா, கறிக்காவது ஆகும்" என்று பாதி விலைக்கும் குறைவாகக் கேட்டார். அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்தார். "விற்பது உங்கள் விருப்பம் அம்மா. ஆனால் மூன்று நாள் எனக்குக் கொடுங்கள், முயன்று பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

ஆட்டின் அசையூண் வயிறு ஒரு நொதிக்கலம். அதில் வாழும் நுண்ணுயிர்கள் இலை தழைகளையும் வைக்கோலையும் மெல்ல நொதிக்கச் செய்து ஆட்டுக்கு உணவாக்குகின்றன. பழக்கமில்லாத ஆடு தானியத்தையோ, அரிசியையோ, சோற்றையோ ஒரேயடியாகத் தின்றால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. அமிலம் பெருகியதும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, ஆடு உள்ளுக்குள் வறண்டு போகிறது. பிறகு அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. தின்ற அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் இவ்வளவும் நடந்துவிடும். இதனையே அமில அஜீரணம் என்கிறோம்.

அறிகுறிகள்

நலமாக உள்ள ஆட்டின் இடப்புற விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு உருண்டு அசைவது தெரியும். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை காட்டும். அமில அஜீரணம் கண்ட ஆட்டில் இந்த அசைவு நின்றுபோயிருக்கும். வயிறு மாவு மூட்டைபோல் கனத்துத் தொங்கும். பல்லைக் கடிக்கும், புளித்த வாடையுடன் கழியும், கண் உள்வாங்கும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாது. முற்றிய நிலையில் உடல் வெப்பம் குறைந்து, காது குளிர்ந்து, ஆடு படுத்துவிடும். படுத்த பிறகு அழைப்பதைவிட, அசை நின்றதுமே மருத்துவரை அழைப்பதுதான் அறிவுடைமை.

மருத்துவர் செய்தது

மருத்துவர் முதலில் கேட்டவை மூன்று: என்ன தின்றது, எப்போது தின்றது, சினையா? சினையாக இருந்தால் சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டியிருப்பதால், இதனை மறக்காமல் சொல்ல வேண்டும். பிறகு குழாய் விட்டு வயிற்றுச் சாற்றில் சிறிது எடுத்துக் காட்டினார். பால் கலந்த சாம்பல் நிறம், புளித்த நெடி. அமிலத்தாளை நனைத்ததும் கார அமில நிலை 5 அளவைக் காட்டியது. நலமான வயிற்றில் இது 6 முதல் 7 வரை இருக்கும்.

குழாய் வழியே அமிலத்தை முறிக்கும் சோடா உப்புக் கரைசலை வயிற்றுக்குள் விட்டார். இரத்தக் குழாய் வழியே உப்பு நீரும் சோடா உப்பு மருந்தும் ஏற்றினார். பி1 வைட்டமின் ஊசியும் போட்டார். மறுநாள், ஊர்க் கறிக்கடையில் அன்று காலை அறுத்த நலமான ஆட்டின் அசையூண் வயிற்றுச் சாற்றைத் துணியில் வடிகட்டி, சூடு ஆறுமுன் அரை லிட்டர் அளவு குழாய் மூலம் செலுத்தினார். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. மடிந்துபோன நல்ல நுண்ணுயிர்களுக்குப் பதில் புதியவை குடியேறுகின்றன.

இறந்த ஆட்டையும் அவர் அறுத்துப் பரிசோதித்தார். வயிற்றில் மக்காச்சோளம் நிறைந்திருந்தது. ஆனால் நுரையீரலில் எண்ணெய் இருந்தது. அண்ணாந்து பிடித்து ஊற்றியது புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது.

வீட்டில் செய்த பணிவிடை

மருத்துவர் நாளைக்கு ஒரு முறைதான் வர முடியும். மீதி நேரம் ஆட்டைக் காப்பாற்றியது அந்த அம்மாளின் கைதான். அவர் செய்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. காற்று வீசாத மூலையில் வைக்கோல் பரப்பி, மேலே கோணிச் சாக்கு விரித்து ஆட்டைப் படுக்க வைத்தார். இரவில் மற்றொரு சாக்கால் போர்த்தினார்.

2. ஆடு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல், நெஞ்சு தரையில் படும்படி அமர்த்தி, இருபுறமும் வைக்கோல் திணித்த சாக்குகளை அண்டைகொடுத்தார். சாய்ந்து கிடந்தால் வயிற்றுக் காற்று வெளியேறாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றினார்.

3. தண்ணீரை வாளியோடு வைக்கவில்லை. மருத்துவர் சொன்ன அளவில், வெதுவெதுப்பாக, சிறிது சிறிதாகக் காட்டினார்.

4. கஞ்சி, சோறு, தவிடு எதையும் கொடுக்கவில்லை. காய்ந்த கடலைக்கொடியும் சோளத்தட்டும் மட்டும் ஒரு பிடி அளவில் முன்னால் வைத்தார்.

5. சாணம், சிறுநீர், அசை ஆகியவற்றை எந்த நேரத்தில் கண்டாரோ அதைப் பள்ளிக்குப் போகும் மகளின் நோட்டில் எழுதி வைக்கச் செய்தார். மருத்துவருக்கு இது பெரிதும் உதவியது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆடு தானே எழுந்து நின்று அசை போட்டது. முதல் செய்தி மருத்துவருக்கு, இரண்டாவது எனக்கு. பத்து நாள் வரை சற்று நொண்டியது. இந்நோயில் குளம்பிலும் அழற்சி காண்பதுண்டு. சினை கலையவில்லை, பங்குனி கடைசியில் ஒரு குட்டி ஈன்றது.

செய்யக் கூடாதவை

ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து எதையும் ஊற்றாதீர்கள். நிற்க முடியாத ஆட்டுக்கும், இருமும் ஆட்டுக்கும் வாய்வழி எதுவும் கூடாது. ஆடு தானியம் தின்றது உடனே தெரிந்து, அது தெளிவாக நிற்கிறது என்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வளர்ந்த ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் ஆப்ப சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை நேராக வைத்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வயிறு மேளம்போல் உப்பியிருந்தால் இதைக் கொடுக்க வேண்டாம். நோயுற்ற ஆட்டையும், மருந்து போட்ட ஆட்டையும் மருத்துவர் சொல்லும் கெடு முடியுமுன் கறிக்கு விற்பது தவறு. மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

வருமுன் காப்போம்

இங்கே என் குறையையும் சொல்லியாக வேண்டும். முந்தைய மாதப் பயிற்சியில், மக்காச்சோளம் கொடுத்தால் ஆடு நன்கு எடை கூடும் என்று நான்தான் பேசினேன். அது உண்மையே. ஆனால் எப்படிப் பழக்க வேண்டும், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன். வயிறு நிறைந்த ஆட்டைக் கண்டு அந்த அம்மாள் மகிழ்ந்ததில் என் பேச்சுக்கும் பங்கு உண்டு.

ஆகவே இப்போது எந்தக் கூட்டத்திலும் இதைச் சேர்த்தே சொல்கிறேன். அடர்தீவனத்தை நாளைக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தானியத்தைத் தனியாகக் கொடுக்காமல், உடைத்து, தவிடு, புண்ணாக்கு, தாது உப்புக் கலவையுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் உலர்தீவனம், பிறகே அடர்தீவனம். கல்யாண வீட்டு மிச்சச் சோறு, ரேஷன் அரிசி மூட்டை, அறுவடைக் களம் ஆகிய மூன்றுக்கும் ஆட்டை அண்ட விடக் கூடாது. மிகுதீனி துள்ளுமாரி நோயையும் தூண்டும் என்பதால், ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறை கொட்டிலுக்குப் போய், ஆடுகள் எல்லாம் அசை போடுகின்றனவா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அந்த அம்மாள் இன்றும் விளக்கோடு போய்ப் பார்க்கிறார். கயிற்று முடிச்சையும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.