தலைவர் இல்லாத கூட்டம்

சிலர் கேட்டது ஒரே கேள்வி: நாலைந்து சிநேகிதர் சேர்ந்து எழுதுவதென்றால் எப்படித் தொடங்குவது? சங்கம் பதியவேணுமா? தலைவர் யார்?

தலைவர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் இலக்கியக் கூட்டம் என்றாலே மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. கதைக்கு வருவதற்குள் பாதிப்பேர் பஸ்ஸுக்கு எழும்பிவிடுவார்கள்.

அவசரமும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வரதர், அ.செ.முருகானந்தன், நாவற்குழியூர் நடராஜன், பஞ்சாட்சர சர்மா போன்ற எழுத்தாளர்கள் மறுமலர்ச்சிச் சங்கமாகச் சேர்ந்தது 1943இல். ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை அச்சில் வந்ததோ 1946 மார்ச்சில். நாங்கள் முதற்சந்திப்பிலேயே அட்டைப்படம் யார் கீறுவது என்று சண்டை பிடிக்கிறோம். சஞ்சிகை 1948இல் நின்றது, சிநேகிதம் நிற்கவில்லை. அதில் எழுதிய கவிஞர் மஹாகவியின் முதல் தொகுதி ‘வள்ளி’யை 1955இல் வெளியிட்டவரும் வரதர்தான்.

வன்னியின் இரணைமடுக் குளத்தடியில் சிறுபோக நெற்செய்கைக்கு முன் விவசாயிகளைக் கூட்டி, குளத்தில் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். எழுத்துக்கும் அந்தக் கணக்குச் சரி. இருப்பது ஒரு பின்னேரம். மூன்று பேர் வாசித்தால் போதும். மற்றவர்களுக்கு அடுத்த முறை. வாசித்தவர் மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. இது கஷ்டமான சட்டம்தான். விளக்கம் சொல்லாத எழுத்தாளரை நான் இன்னும் காணவில்லை.

எங்கள் சந்திப்பில் ஒரு தம்பி வாசித்த கதையில், வான்கதவு திறந்ததும் வாடிய வயலெல்லாம் நனைகிறது. எல்லாரும் “நல்ல முடிவு” என்றோம். வயல் செய்கிற அண்ணை ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை.

“உது பிழை தம்பி. வான்கதவு திறந்தா தண்ணி கனகராயன் ஆத்தோட சுண்டிக்குளத்துக்குப் போயிடும். வயலுக்குத் துருசாலதான் வரும். 2018 மார்கழியில வான்கதவு திறக்க வெள்ளமெல்லோ வந்தது?”

தம்பி முடிவை மாற்றி எழுதினான். வயல் நனையவில்லை, மூழ்கியது. முதற்பிரதியில் இல்லாத ஒரு பயம் கதைக்குள் வந்துவிட்டது.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. யார் எழுதத் தொடங்கினாலும் பேனை போர் முடிந்த 2009க்குப் போய்விடும். வாசித்துவிட்டு அழுகிற ஒருவரிடம் “மூன்றாம் பந்தி நீளம்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சொல்லாவிட்டால் அது கதையாகாமல் வாக்குமூலமாகவே நின்றுவிடும். அதனால் அப்படியான பிரதிக்கு அன்றைக்கு அபிப்பிராயம் இல்லை, தேத்தண்ணி மட்டும்தான். அடுத்த சந்திப்பில், அவரே விரும்பிக் கொப்பியைத் திறந்தால், மற்றவற்றைப் போல அதையும் வரிவரியாகப் பார்ப்போம். திறக்காவிட்டால் கேட்பதில்லை.

தேத்தண்ணிக்கும் வடைக்கும் காசு, அன்றைக்கு எழுதாமல் வந்தவருடையது. இதுவரை ஒரு வரியும் எழுதாத, வயல் செய்கிற அந்த அண்ணைதான் கூடக் கட்டியிருக்கிறார். கூட்டத்துக்கு முதல் ஆளாக வருகிறவரும் அவர்தான்.