கடல் நடுவே நின்றுபோன எஞ்சின்!

சைக்கிளில் போகும்போது செயின் கழன்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? ஓரமாக நிறுத்தி மாட்டிக்கொள்வீர்கள். சரி, நடுக்கடலில் படகின் எஞ்சின் நின்றுவிட்டால்? இறங்கித் தள்ள முடியாதே!

அப்படி ஒருமுறை நான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் மீன்பிடித் தொழில் செய்கிறார். ஒரு விடுமுறை நாளில், "சார், ஒரு தடவை நம்ம வள்ளத்துல வாங்க" என்று அழைத்தார். ஏழாம் வகுப்பு படிக்கும் அவர் மகனும் உடன் வந்தான். மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டோம்.

அது ஃபைபர் வள்ளம். அதன் பின்பக்கப் பலகையில் ஒரு சிறிய மோட்டார் மாட்டியிருந்தது. படகுக்கு வெளியே தொங்குவதால் இதற்கு 'அவுட்போர்டு மோட்டார்' என்று பெயர். மேலே எஞ்சின், கீழே தண்ணீருக்குள் சுழலும் விசிறி. கயிற்றை வேகமாக இழுத்தால் எஞ்சின் கிளம்பும்.

கரையிலிருந்து புறப்பட்டு சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். எஞ்சின் திணறியது. 'டுப்... டுப்...' என்று முனகி நின்றே போய்விட்டது!

பையன் பாய்ந்து போய்க் கயிற்றை இழுத்தான். ஒருமுறை, இருமுறை, பத்துமுறை! ஊஹூம், கிளம்பவில்லை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. படகு மெல்ல மெல்லக் கரையை விட்டு விலகியது. அந்தப் பக்கம் போனால் இந்திய-இலங்கைக் கடல் எல்லை. எஞ்சின் பழுதாகி அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு தொல்லை! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? கயிற்றைத் தொடவே இல்லை. முதலில் நங்கூரத்தைப் போட்டார். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அதனால் நங்கூரம் தரையைப் பிடித்துக்கொண்டது. படகு நகர்வது நின்றது.

"இப்ப அவசரம் இல்லடா. எஞ்சினுக்கு என்ன வேணும், சொல்லு பார்ப்போம்" என்றார் மகனிடம்.

"பெட்ரோல், காத்து, நெருப்புப்பொறி!" என்றான் அவன்.

பெட்ரோலில் ஓடும் எந்த எஞ்சினுக்கும் இவைதான் வேண்டும், குழந்தைகளே. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கிளம்பாது. அப்பா வரிசையாகச் சோதித்தார்.

முதலில், நிறுத்தும் விசையில் மாட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிறு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இது கழன்று, பொறியைத் துண்டித்து எஞ்சினை நிறுத்திவிடும். அது கழன்றிருப்பதைக் கவனிக்காமல் கை வலிக்க இழுப்பவர்கள் உண்டு! இங்கே அது சரியாக இருந்தது. கியரும் நியூட்ரலில் இருந்தது.

அடுத்து பெட்ரோல். டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் பல்பு இருக்கும். அதை அமுக்கினால் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். நிறைந்துவிட்டால் பல்பு கல் போல இறுகிவிடும். ஆனால் அன்று அது சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தது. டேங்கிலோ நிறையப் பெட்ரோல்!

அப்பா டேங்க் மூடியிலிருந்த சிறிய திருகைத் தளர்த்தினார். 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. பையன் தலையில் அடித்துக்கொண்டான். பெட்ரோல் ஊற்றியதும் அந்தத் திருகை இறுக்கியவன் அவன்தான்! பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழி இல்லையென்றால் பெட்ரோல் வர மறுத்துவிடும். அதனால்தான் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எஞ்சின் நின்றது.

பல்பை அமுக்கினான்; இறுகியது. சந்தோஷத்தில் மறுபடி கயிற்றை இழுத்தான், இழுத்தான். கிளம்பவில்லை! பெட்ரோல் வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது.

"சோக்கை உள்ளே தள்ளினியா?" என்று கேட்டார் அப்பா.

சோக் என்பது காற்றைக் குறைத்து, பெட்ரோலை அதிகமாக்கும் அமைப்பு. குளிர்ந்த எஞ்சினுக்குத்தான் அது தேவை. இதுவோ ஏற்கெனவே ஓடிச் சூடாக இருந்தது. சோக்கை இழுத்தபடியே விட்டதால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிட்டது. நனைந்த தீக்குச்சி பற்றுமா?

அப்பா பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்துக் காயவைத்தார். பிளக் இல்லாமலே எஞ்சின் கயிற்றைச் சிலமுறை இழுத்து, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினார். எல்லாவற்றையும் மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஒரே இழுப்பு. 'டர்ர்ர்ர்!'

எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பீச்சியடித்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் சரியாகச் சுற்றி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அதைப் பார்த்த பிறகே நங்கூரத்தைத் தூக்கினார்.

கரைக்கு வந்ததும், "கிளம்பவே இல்லைன்னா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டேன்.

"நங்கூரத்தோடவே நின்னு, பக்கத்து வள்ளத்தைக் கூப்பிட்டிருப்பேன் சார். இல்லேன்னா கடலோரக் காவல்படைக்கு 1554" என்றார்.

கணக்கு வரவில்லை என்றால் சிலேட்டை உடைக்காதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று படகில் அவர் எனக்குப் பாடம் நடத்திவிட்டார்!

ஒரு எச்சரிக்கை: பெட்ரோலும் பிளக்கும் பெரியவர்களின் வேலை. நீங்கள் தொடக்கூடாது.

செய்து பாருங்கள்!

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் பெரியவர்கள் உதவியுடன் குண்டூசியால் ஒரு சிறிய துளை இடுங்கள். துளையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் வருவது சற்று நேரத்தில் நின்றுவிடும். மூடியைத் தளர்த்துங்கள். சர்ரென்று பீச்சும்! அந்தப் பெட்ரோல் டேங்கின் ரகசியம் இதுதான்.

தெரியுமா உங்களுக்கு?

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர் ஓலே எவின்ரூட். ஒரு கோடை நாளில், தன் வருங்கால மனைவிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்பு போட்டுப் போனாராம். திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிப்போனது. அப்போதுதான் படகு மோட்டார் செய்யும் எண்ணம் வந்தது என்பார்கள். அவருக்கு முன்பே சிலர் செய்திருந்தாலும், 1909-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார்தான் பெரும்புகழ் பெற்றது. அதன் சக்தி ஒன்றரை குதிரைத்திறன். எடை சுமார் 28 கிலோ!