முகம் நீளாமற் சட்டம் பெருத்தல்

முன்னோரின் பழைய நிழற்படத்தைக் கணினியில் ஏற்றிச் சதுரமாக்க விரும்புவோர் பலர். 800 புள்ளி அகலமும் 600 புள்ளி உயரமும் உடைய படமொன்றை 1200க்கு 1200 ஆக இழுத்தால் நேர்வது யாது? அகலம் ஒன்றரை மடங்காக, உயரமோ இரு மடங்காகும். பாட்டனாரின் வட்ட முகம் நீண்டு, வேற்றார் முகம்போலத் தோன்றும்.

வேண்டுவது படத்தின் பெருக்கமன்று. அதனைத் தாங்கும் பரப்பின் பெருக்கமே. பைதன் நிரல்மொழிக்குரிய பில்லோ என்னும் துணைத்தொகுப்பில் ‘ரீசைஸ்’ என்னும் கட்டளை படத்தையே இழுப்பது. ஆதலால் அஃது இங்கு உதவாது. ‘நியூ’ என்னும் கட்டளையால் 1200க்கு 1200 அளவான வெறும் பரப்பொன்றை முதலில் உண்டாக்குக. நிறம் குறிப்பிடாவிடின் அது கருமையாகவே அமையும். வெண்மை வேண்டின் அதனைச் சொல்லுதல் வேண்டும். பின்னர் ‘பேஸ்ட்’ என்பதனாற் பழைய படத்தை அதன்மேல் ஒட்டுக. புதிய அளவிலிருந்து பழைய அளவைக் கழித்துப் பாதியாக்கினால் நடுவிடம் புலனாகும்: இடப்புறம் 200, மேற்புறம் 300.

புதிய பரப்பு படத்திலுஞ் சிறிதாயின் ஓரங்கள் வெட்டுண்டு போகும். அவ்வோரத்தில் நிற்பவர் ஒருவேளை சிறிய தாயாராயிருக்கலாம். ஆதலின் மூலப்படத்தை அழியாது வைத்து, புதியதை வேறு பெயரிற் பி.என்.ஜி. வடிவமாகச் சேமித்தலே நன்று. அவ்வடிவில் ஒட்டிய புள்ளி ஒன்றேனும் தேய்வதில்லை.