புது டிரைவ்வேக்கு சீலர்: சனிக்கிழமை வேணாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் வெட்டப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. டொராண்டோ பக்கத்துல ஏஜாக்ஸ்ல இருந்து ஒரு தோழி அனுப்பியிருந்தாங்க. வீடு வாங்கி ரெண்டாவது வருஷம். பழைய தார் டிரைவ்வேயைப் பேர்த்து எடுத்துட்டு, செப்டம்பர் கடைசியில புதுசா கான்கிரீட் போட்டிருக்காங்க. போட்டு இன்னைக்கு எட்டு நாள். கான்ட்ராக்டர் போன் பண்ணி, "சனிக்கிழமை வந்து சீலர் அடிச்சிடறோம், இப்பவே செஞ்சா விலையில குறைச்சுக்கறோம், விட்டா பனி வந்துடும்"னு சொல்றாராம். சரின்னு சொல்லட்டுமா வேணாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். இதுதான் கேள்வி.

பதிலை ஒரு மெசேஜ்ல அனுப்பி முடிச்சிருக்கலாம். ஆனா மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு போனுக்கு நான் 'சரி'ன்னு சொல்லி நல்லா மாட்டினவன். அதனால கொஞ்சம் விரிவாவே பேசிடலாம்.

சென்னையிலயும் கோவையிலயும் இருந்து கேக்குறவங்களுக்கு முதல்ல ஒரு விஷயம். இங்க வீட்டு கராஜுக்கும் தெருவுக்கும் நடுவுல கார் ஏறி வர்ற தளம் இருக்கும், அதுதான் டிரைவ்வே. கூரை கிடையாது. வெயில், மழை, பனி எல்லாம் அது மேலதான் விழும். நம்ம ஊர் போர்டிகோவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. இங்க அது அஞ்சு மாசம் உறைஞ்சு உருகி, திரும்ப உறைஞ்சு கிடக்கும். அதனாலதான் சீலர்னு ஒரு பேச்சே வருது.

சரி, எட்டு நாள்ல அடிச்சா என்ன தப்பு? தொட்டுப் பாத்தா கல்லு மாதிரிதானே இருக்கு?

இங்கதான் நம்ம ஊர் அனுபவம் கை கொடுக்கும். மொட்டை மாடிக்கு கான்கிரீட் போட்ட மறுநாள் மேஸ்திரி என்ன பண்ணுவார்? சுத்தி சின்னதா வரப்பு மாதிரி பாத்தி கட்டி, தண்ணியை நிறுத்தி வைப்பார். நாம அதுல காகிதக் கப்பல் விட்டிருப்போம். கான்கிரீட் 'காய்ஞ்சு' இறுகுதுன்னா, அவர் ஏன் அதை ஊற வைக்கணும்? ஏன்னா அது காய்றதால இறுகுறதில்லை. சிமெண்டும் தண்ணியும் வேதிவினை பண்ணி, கண்ணுக்குத் தெரியாத அளவுல ஒரு புது பொருளா வளர்ந்து, ஜல்லியையும் மணலையும் பிடிச்சுக்குது. தண்ணி இருக்கிற வரைக்கும்தான் அந்த வளர்ச்சி. முதல் வாரம் தண்ணி ஆவியாப் போயிட்டா, மேல்தோல் அரைவேக்காடா நின்னுடும். அந்த மேல்தோல்தான் பனியில உரியும்.

ஏழு நாள்ல கான்கிரீட் தன்னோட பலத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு சேர்த்திருக்கும். 28-ஆவது நாள் பலத்தைத்தான் உலகம் முழுக்க கணக்குக்கு எடுத்துக்கறாங்க. அதுக்கப்புறமும் மெதுவா வளரும். ஆனா இந்தக் கதையில 28 நாளுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. வினைக்குத் தேவைப்பட்டது போக மிச்சத் தண்ணி உள்ளேயே இருக்கும். அது மெல்ல வெளிய வரணும். அது வர்ற வழியை எட்டாவது நாள்ல மூடினா என்ன ஆகும்னு என் கதையில சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, பனி கான்கிரீட்டை எப்படி உடைக்குதுன்னு பாத்துடுவோம். தண்ணி உறைஞ்சா ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஃப்ரீசர்ல மறந்து வெச்ச தண்ணி பாட்டில் ஞாபகம் இருக்குல்ல? கான்கிரீட்ல இருக்கிற நுண்ணிய துளைகள் முழுக்க தண்ணி நிறைஞ்சிருந்து, அது உறைஞ்சா விரிய இடம் இருக்காது. உள்ளேயே அழுத்தி அழுத்தி, மேல்தோல் செதில் செதிலா கழண்டு வரும்.

இதுக்கு மருந்து கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-கள்ல அமெரிக்காவுல சில சாலைகள் மட்டும் பனியில மத்த சாலைகளை விட நல்லா தாக்குப் பிடிச்சதைக் கவனிச்சாங்க. தோண்டித் துருவினப்போ, அந்த சிமெண்ட் வந்த ஆலைகள்ல அரைக்க சுலபமா இருக்கட்டும்னு மாட்டுக் கொழுப்பு சேர்த்திருந்தது தெரிஞ்சது. அந்தக் கொழுப்பு கலவைக்குள்ள சோப்பு மாதிரி வேலை பண்ணி, கோடிக்கணக்கான குட்டிக் குட்டி காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருக்கு. உறையுற தண்ணிக்கு அந்தக் குமிழிகள்தான் ஒதுங்க இடம். இன்னைக்கு அதையே தெரிஞ்சே ஒரு திரவமா கலக்கறாங்க. கனடாவோட சி.எஸ்.ஏ தரத்துல, பனியும் உப்பும் படுற இந்த மாதிரி தளத்துக்கு 'சி-2'ன்னு ஒரு வகுப்பு இருக்கு. 28 நாள்ல 32 மெகாபாஸ்கல் பலம் வரணும். காற்று, வழக்கமான ஜல்லி அளவுக்கு, 5-ல இருந்து 8 சதவீதம் இருக்கணும்.

அதனால தோழி, சீலர் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காகிதத்தைத் தேடுங்க. கான்கிரீட் லாரி வந்தப்போ டிரைவர் ஒரு டெலிவரி டிக்கெட் கொடுத்திருப்பார். உங்ககிட்ட இல்லன்னா கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க. அதுல எந்தக் கலவைன்னு போட்டிருக்கும். அது சரியா இருந்தா பாதி நிம்மதி. அது தப்பா இருந்தா, எந்த சீலரும் அதை நல்ல கான்கிரீட்டா மாத்தாது. இன்னொண்ணும் ஞாபகப்படுத்திப் பாருங்க: மேல் மட்டத்தைத் தேய்க்கும்போது, வேலை வழுக்கிட்டுப் போகட்டும்னு பக்கெட்ல இருந்து தண்ணி தெளிச்சாங்களா? அப்படித் தெளிச்சா மேல் ரெண்டு மூணு மில்லிமீட்டர்ல சிமெண்ட் நீர்த்துப் போயிடும். பாக்க வழவழன்னு அழகா இருக்கும். முதல் குளிர்காலத்துல போயிடும்.

இப்போ என் கதை. எங்க வீட்டுல அக்டோபர் நடுவுல போட்டாங்க. அதுவே லேட். போட்டுட்டுப் போனவங்க ஈரச் சாக்கு போடலை, பிளாஸ்டிக் மூடலை, க்யூரிங் திரவம் தெளிக்கலை, ஒண்ணுமே இல்லை. அஞ்சாவது நாள் வந்து, முந்தின ராத்திரி மழை பெஞ்சு நின்ன தளத்து மேல, பளபளன்னு ஒரு அக்ரிலிக் சீலரை ரெண்டு கோட் அடிச்சுட்டுப் போனாங்க. அன்னைக்கு சாயங்காலம் தளம் நனைஞ்ச கருங்கல் மாதிரி மின்னுச்சு. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா பாத்துட்டு, "ஏன்டா, வழுக்காதா?"ன்னு கேட்டாங்க. அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. முதல் பனி விழுந்த அன்னைக்கே நான் விழுந்தேன்.

ரெண்டு வாரத்துல அங்கங்க பால் ஊத்தின மாதிரி வெள்ளைத் திட்டு வந்துச்சு. உள்ள இருந்து வர்ற ஈரம் அந்தப் படலத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. ஏப்ரல்ல படலம் உரிய ஆரம்பிச்சது. சில இடத்துல அது கூடவே கான்கிரீட் தோலும் வந்துச்சு. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டா, "நீங்க உப்பு போட்டிருப்பீங்க"ன்னார். போட்டிருந்தேன், அதுவும் உண்மைதான். அதனால வாரண்டி பேச்சு அங்கேயே முடிஞ்சது. ஒரு கோடை முழுக்க, வார இறுதியெல்லாம் மீதிப் படலத்தைக் கரைச்சு சுரண்டி எடுத்தேன்.

அப்போதான் சீலர்னா ஒரே பொருள் இல்லைன்னு புரிஞ்சது. அடிப்படையில ரெண்டு குடும்பம். ஒண்ணு, மேல படலமா நிக்கிறது. அக்ரிலிக் மாதிரி. நிறத்தைத் தூக்கிக் காட்டும், மின்னும். ஆனா ஈரத்துல வழுக்கும், டயர்ல தேயும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல திரும்ப அடிக்க வேண்டி வரும். நல்ல நேரத்துல மெல்லிசா அடிச்சா வேலை செய்யும், அதை மறுக்கலை. அலங்கார கான்கிரீட்டுக்கு அதைத்தான் அடிக்கிறாங்க. இன்னொண்ணு, உள்ள ஊறிப் போறது. டப்பாவுல சைலேன், சைலாக்ஸேன்னு போட்டிருக்கும். இது துளைகளோட சுவர்ல வேதியா ஒட்டிக்கிட்டு, அந்தச் சுவரைத் தண்ணி பிடிக்காத சுவரா மாத்திடும். தாமரை இலை மேல தண்ணி உருளுற மாதிரி. துளை திறந்தேதான் இருக்கும், அதனால உள்ள இருக்கிற ஆவி வெளிய வரும். வெளிய இருக்கிற தண்ணி உள்ள போகாது. அடிச்ச பிறகு பாத்தா அடிச்சதே தெரியாது. போட்டோ எடுத்து அனுப்ப ஒண்ணும் இருக்காது. சாதா சாம்பல் நிற டிரைவ்வேக்கு நான் இதைத்தான் சொல்வேன், யோசிக்காம. ஒரே குறை, கார்ல இருந்து சொட்டுற எண்ணெய்க் கறையை இது பெருசா தடுக்காது. அது எனக்குப் பரவாயில்லை.

இதுக்கு நடுவுல ஒரு சின்ன எச்சரிக்கை. வசந்த காலத்துல காலேஜ் பசங்க கதவைத் தட்டி "டிரைவ்வே சீல் பண்ணட்டுமா"ன்னு கேப்பாங்க. அவங்க கையில இருக்கிற கறுப்புத் திரவம் தார் டிரைவ்வேக்கானது. கான்கிரீட்ல அதுக்கு வேலையே இல்லை. சிரிச்சுக்கிட்டே அனுப்பிடுங்க.

சரி, எப்போ, எப்படி? குறைஞ்சது 28 நாள். தோழிக்கு அது அக்டோபர் கடைசி வாரத்துல வரும். அன்னைக்கு நாள்காட்டியை மட்டும் நம்பாதீங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டு தளத்துல ஒட்டி, ஒரு ராத்திரி, அதாவது 16 மணி நேரமாவது விட்டுப் பாருங்க. காலையில அடியில வேர்த்திருந்தா, இல்ல கான்கிரீட் கறுத்திருந்தா, இன்னும் ஈரம் வருது, பொறுங்க. அடுத்தது, ஒரு கரண்டி தண்ணி ஊத்துங்க. உறிஞ்சினா நல்லது, சீலரும் உள்ள போகும். முத்து முத்தா நின்னா, மேல ஏற்கெனவே ஏதோ இருக்கு. போட்ட அன்னைக்கு க்யூரிங் திரவம் தெளிச்சிருக்கலாம். அப்படித் தெளிச்சது நல்ல விஷயம்தான், ஆனா அது இருக்கிற வரைக்கும் சைலேன் உள்ள இறங்காது. அதைத் தேய்ஞ்சு போக விடணும், இல்ல அகத்தணும்.

அடிக்கிற நாள் மழை இல்லாம இருக்கணும், முந்தின நாளும் அடுத்த நாளும் சேர்த்து. குளிர் எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கும். ராத்திரி வெப்பநிலையையும் பாத்துக்கோங்க. கழுவி, காய விட்டு, கீழ்ப்பக்கத்துல இருந்து மேல போற மாதிரி நனைய நனைய அடிங்க. குட்டை மாதிரி நின்னா பரப்பி விடுங்க. அவ்வளவுதான், ஒரு மதியத்து வேலை. முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

அக்டோபர் கடைசியில அந்த மாதிரி நாள் அமையலைன்னா? அமையாம போகலாம், இது ஒன்டாரியோ. அப்போ அடுத்த மே மாசம் அடிங்க. நனைஞ்ச தளத்துல நவம்பர்ல அவசரமா அடிக்கிறதை விட, ஒரு குளிர்காலத்தை சீலர் இல்லாமலே கடக்கிறது மேல். அதுக்கு ஒரு நிபந்தனை: உப்பு.

உப்பு பனியை உருக்குது, அந்தத் தண்ணி கான்கிரீட்டுக்குள்ள போகுது, ராத்திரி திரும்ப உறையுது. உப்பு இல்லாத தளம் பனிக்கு அடியில ஒரே நிலையில கிடக்கும். உப்பு போட்ட தளம் உருகி உறைஞ்சுக்கிட்டே இருக்கும். உப்புத் தண்ணி சீக்கிரம் காயவும் காயாது. புது கான்கிரீட்டுக்கு உப்பு படுறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது காய நேரம் வேணும்னு சொல்றது இதனாலதான். முதல் குளிர்காலத்துல உப்பே வேணாம். கடையில 'கான்கிரீட்டுக்குப் பாதுகாப்பானது'ன்னு எழுதின பையையும் நம்பி வாங்காதீங்க. அமோனியம் நைட்ரேட், அமோனியம் சல்ஃபேட்னு உர வகைகள் ஏதாவது இருந்தா பக்கத்துலயே போகாதீங்க, அது நேரடியா கான்கிரீட்டையே தின்னும்.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருக்கார், முப்பது வருஷமா இங்க. நான் சுரண்டிக்கிட்டு இருந்ததைப் பாத்துட்டு வந்து சொன்னார்: "தம்பி, உப்பைப் போடாதேங்கோ. பனியை வழிச்சுப்போட்டு கொஞ்ச மணலைத் தூவி விடுங்கோ, காணும்." மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிப்பு மட்டும் கொடுக்கும். அதுவே போதும். ஆனா நீங்க உப்பு போடலைன்னாலும் உங்க கார் போடும். டவுன்காரங்க ரோட்டுல கொட்டுற உப்பு, சக்கர மடிப்புல பனிக்கட்டியா ஒட்டிக்கிட்டு வந்து, கார் நிக்கிற இடத்துல சொட்டும். நல்லாப் பாத்தீங்கன்னா பெரும்பாலான டிரைவ்வேயில தோல் உரிஞ்சிருக்கிறது சரியா டயர் நிக்கிற அந்த இடத்துலதான். அதனால அந்தக் கட்டியைத் தெருவுலயே தட்டிட்டு உள்ள வாங்க. விழுந்ததை அன்னைக்கே தள்ளி விடுங்க.

இப்போ தோழிக்கு. வெள்ளிக்கிழமை போன் பண்ணி, சனிக்கிழமை வேணாம்னு சொல்லிடுங்க. தள்ளுபடி போனா போகட்டும். அதே போன்ல மூணு கேள்வி கேளுங்க: டெலிவரி டிக்கெட் அனுப்ப முடியுமா, போட்ட அன்னைக்கு மேல ஏதாவது தெளிச்சீங்களா, நீங்க அடிக்கப் போற சீலர் டப்பாவோட பேர் என்ன. மூணாவது கேள்விக்கு 'நல்ல சீலர்தான்'னு மட்டும் பதில் வந்தா, அக்டோபர் கடைசியில நீங்களே வாங்கி அடிச்சுக்கோங்க. அந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப் பாத்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.